தலை ஸ்வான் ஹில்லில், கால் லிபர்ட்டியில்

ஸ்வான் ஹில் டவுன்ஷிப், மினசோட்டா
ஏப்ரல் மாதம்; தேதி காலண்டரில் இருக்கிறது, காலண்டர் மாடியில் இருக்கிறது

அன்புள்ள தம்பி வென்டலுக்கு,

அக்கா ஆர்டிஸ் ஆசியுடன் எழுதுவது. இங்கு நாங்கள் எல்லோரும் நலம். நலமில்லாதவர்களும் யார் கேட்டாலும் "பரவாயில்லை" என்றே சொல்வதால் அவர்களையும் நலத்தில் சேர்த்துக்கொள்ளவும். அரிசோனாவில் நீயும் பெவர்லியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாமல் என்ன செய்வது? ஆரஞ்சு மரத்தடியில் அரைக்கால் சட்டையோடு நின்று நீ அனுப்பிய படத்தை நம் ஹ்யூபர்ட் மனைவி டார்லீன் ஊர் முழுக்கக் காட்டி முடித்துவிட்டாள். அந்தப் படம் வந்த அன்று இங்கே தபால் பெட்டி எங்கே என்று கண்டுபிடிப்பதற்கே மண்வாரி தேவைப்பட்டது. பொறாமையெல்லாம் இல்லை. உன் முழங்கால் இவ்வளவு வெளுப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் போனில் "ஊர்ல என்னக்கா விசேஷம்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல" என்றேன். டார்லீன் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், அதனால் அப்படிச் சொன்னேன். விசேஷம் இருக்கிறது, தம்பி. இந்தக் குளிர்காலத்தில் நம் ஊரே இல்லாமல் போக இருந்தது. அதை முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கப்போகிறேன் என்பதால் நடுவில் மடித்து வைத்துவிட்டுப் போகாமல் முழுக்கப் படி.

எல்லாம் ஒரே ஒரு பக்கத்தால் வந்தது. கவுண்டிக்கு நூற்றைம்பது வயதாகிறதாம். அதற்காக ஒரு மலர் போடுகிறார்களாம். அதன் கீழ் இருக்கும் ஒவ்வொரு டவுன்ஷிப்பும் தன் வரலாறு, நிலவியல், மக்கள்தொகை மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்று போன இலையுதிர் காலத்தில் கவுண்டி அலுவலகத்திலிருந்து ஒரு பையன் போன் செய்தான். "ஒரு பக்கம்தானே மேடம், ஒரு மத்தியானத்துல முடிஞ்சிடும்" என்றான். இந்த ஊரின் கிளார்க் நான். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாத ஒரே காரணத்தால் இத்தனை வருடமாக நானே கிளார்க். ஆகவே காபி போட்டுக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். வரலாற்றின் முதல் வரியாக, "இங்கு முதன்முதலில் குடியேறியவர் நார்வேயிலிருந்து வந்த ஹால்வர் டோலஃப்ஸ்ரூட்" என்று நம் கொள்ளுத்தாத்தாவைப் போட்டேன். நம் வீட்டில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் நம் போர்டு சேர்மன் லெராய் ஹவ்லிக் அதைப் படிக்க வேண்டுமே! டவுன்ஷிப் ஹாலில் வைத்துக் கொடுத்தேன். என்னைவிட மூன்று வகுப்பு மேலே படித்தவர் அல்லவா, அந்தத் தோரணையில் கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிப் படித்தார்.

"இது தப்பு, ஆர்டிஸ்."

"எது தப்பு?"

"முதல் வரி. உங்க ஹால்வர் வந்து எறங்கறப்போ நல்ல மழை. எங்க கொள்ளுத்தாத்தா வாத்ஸ்லாவ்தான் மண்வீட்டுக்குள்ள கூப்பிட்டு சூப் ஊத்தினாரு. முதல்ல வந்த மனுஷன் எங்கயாவது இன்னொருத்தன் வீட்டுல விருந்து சாப்பிடுவானா?"

"எங்க வீட்டுல சொல்ற கதையில ஹால்வர்தான் உங்க கொள்ளுத்தாத்தாவுக்கு சூப் ஊத்தினாரு."

"போம்மா. உங்க நார்வே ஆளுங்க வெக்கிற சூப்புல உப்பு எங்க இருக்கு? அதக் குடிச்சிருந்தா எங்க தாத்தா மறுநாளே கப்பல் ஏறியிருப்பாரு."

இப்படியே மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. லூதரன் சர்ச் முழுவதும் என் பக்கம், கத்தோலிக்க சர்ச் முழுவதும் லெராய் பக்கம். கடைசியில், "முதலில் இருவர் வந்தனர், மழை பெய்தது, சூப் இருந்தது" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஊருக்குப் பெயர் வந்த கதையும் எழுத வேண்டியிருந்தது. அன்னமும் இல்லாத, குன்றும் இல்லாத ஊருக்கு ஏன் அன்னக்குன்று என்று பெயர் என மலரைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள் அல்லவா? குன்று இல்லாத தட்டை நிலத்துக்கு நார்வேயிலிருந்து ஒருவரும் கிளம்பமாட்டார்கள் என்று தெரிந்து, கொள்ளுத்தாத்தா தன் அண்ணன் தம்பிகளுக்குப் போட்ட கடிதத்தில் ஒரு குன்றைச் சேர்த்துவிட்டார். அன்னத்தை ஏன் சேர்த்தார் என்பது தெரியவில்லை. எழுத்து நன்றாக ஓடிக்கொண்டிருந்திருக்கும். இன்றைக்கும் நம் ஊரில் மிக உயரமான இடம் ஹ்யூபர்ட் வீட்டு எருக்குவியல்தான். அதுவும் வயலுக்கு அடிக்கும் வரையில்.

மற்றபடி நம் வரலாற்றில் முக்கியமான நிகழ்ச்சிகள் எல்லாமே நடக்காமல் போனவை, தம்பி. எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. ரயில் வருவதாக இருந்தது, பக்கத்து லிபர்ட்டி டவுன்ஷிப் வழியாகப் போய்விட்டது. கவுண்டி தலைநகரம் இங்கே அமைவதாக இருந்தது, அமையவில்லை. நெடுஞ்சாலை வருவதாக இருந்தது. அதுவும் லிபர்ட்டியைத்தான் விரும்பியது. ரயிலை நம்பி முன்கூட்டியே கட்டிய ஸ்டேஷன்தான் இன்றைக்கும் நம் டவுன்ஷிப் ஹால். டிக்கெட் கொடுக்க வைத்த ஜன்னல் வழியாகத்தான் நாங்கள் இன்றும் காபி கொடுக்கிறோம். "நடக்காததை எல்லாம் எழுதினா நமக்கு மூணு பக்கம் வேணும்" என்றார் லெராய். அதுவும் சரிதான் என்று வரலாற்றை அத்தோடு நிறுத்தினேன்.

நிலவியல் சுலபம் என்று நினைத்தேன். ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். நடுவில் வட்ட ஏரி என்று ஒரு நீளமான ஏரி. எல்லைகளைச் சரியாகப் போடுவோமே என்று ஒரு நல்ல வரைபடம் கேட்டு கவுண்டிக்கு போன் செய்தேன் பார், அன்றைக்கு என் நாக்கு குளிரில் மரத்துப் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! வரைபடம் பழையது, புதிதாக அளந்தே கொடுத்துவிடுகிறோம் என்று பிரியானா என்ற ஒரு பெண்ணை மூன்று கால் கருவியோடு நவம்பரில் அனுப்பி வைத்தார்கள். நல்ல பெண். குளிருக்குக் காது மூடும் தொப்பி போடும் புத்தி உள்ள பெண். ஊரின் தென்மேற்கு மூலைக்கல்லைத் தேடிப்பிடித்து அங்கிருந்து அளந்துகொண்டே வடக்கே வந்தவள், மேற்கு எல்லை லெராய் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது என்று கதவைத் தட்டினாள். நான் அப்போது அங்கே காபி குடித்துக்கொண்டிருந்தேன். சூப் விஷயத்தில் சமாதானம் ஆகியிருந்த சமயம்.

"சார், சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவுல இருக்கே, இது பழைய வீட்டோட வெளிச்சுவரா?"

"ஆமாம்மா. அந்தப் பக்கம் ரூம் எங்கப்பா பின்னாடி சேர்த்துக் கட்டினது."

"அப்போ இந்தச் சுவர்தான் எல்லை. சமையலறை ஸ்வான் ஹில். படுக்கையறை லிபர்ட்டி."

லெராய் சிரித்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"நீங்க எங்க தூங்குவீங்க, சார்?"

"நாற்காலியில. டி.வி. முன்னாடி."

"அப்புறம்?"

"அப்புறம் எழுந்து போய்ப் படுக்கையில."

"சட்டப்படி ஆள் எங்க படுத்துத் தூங்குறாரோ அதுதான் அவர் ஊர். நீங்க லிபர்ட்டிக்காரர், சார்."

"ஏம்மா, முப்பது வருஷமா நான் இந்த ஊரு சேர்மன்!"

"பகல்ல மட்டும், சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

இது எவ்வளவு பெரிய இடி என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏனென்றால் இடியில் பாதி உன்னுடையது. நம் போர்டுக்கு மூன்று மெம்பர். லெராய் ஒருவர், டார்லீன் புருஷன் ஹ்யூபர்ட் ஒருவர், மூன்றாவது நாற்காலி நீ உட்கார்ந்திருந்தது. நீ ஆரஞ்சு மரத்தைத் தேடிப் போனதிலிருந்து அதில் டார்லீன் கோட்டு மாட்டுகிறாள். லெராயும் போனால் மிஞ்சுவது ஹ்யூபர்ட் மட்டும். இரண்டு பேருக்குக் குறைந்த போர்டு போர்டே இல்லை. மார்ச் மாத ஊர்க்கூட்டத்துக்குள் ஆள் சேராவிட்டால் ஊரைப் பக்கத்து டவுன்ஷிப்போடு சேர்த்துவிடலாம் என்று விதி. பக்கத்து டவுன்ஷிப் என்றால் லிபர்ட்டி. ரயில் வைத்திருக்கும் லிபர்ட்டி.

"இதுக்கு என்ன, கட்டில சமையலறையில போட்டுக்கோங்க" என்றேன். எனக்கு அது பெரிய யோசனையாகவே படவில்லை. லெராய் சர்க்கரை போடாத காபியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"அது எலெய்ன் கட்டில், ஆர்டிஸ்."

அவர் மனைவி எலெய்ன் தவறி இரண்டு வருடம் ஆகிறது, உனக்குத் தெரியும். அவளுடைய அப்பா ஓக் மரத்தில் செய்து கல்யாணத்துக்குக் கொடுத்த கட்டில். அந்த அறைக்குள்ளேயே வைத்துப் பசை போட்டு இணைத்தது, வாசல் வழியாக வெளியே வராது, அறுத்தால்தான் வரும். பிரியானா கதவைத் திறந்து அளந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். எலெய்ன் பக்கத்துத் தலையணை உப்பலாக இருந்தது. கட்டிலுக்கு அடியில் அவள் செருப்பு, ஜோடியாக. "அத எடுத்துட்டா அந்த ரூம் வெறும் ரூமாயிடும்" என்றார் லெராய். நான் தட்டை என் பக்கம் இழுத்தேன். இன்னொரு கேக் துண்டு எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட நேரத்தில் நம் ஊரில் வேறு என்ன செய்வது? மறுநாள் ராஜினாமா செய்துவிட்டார்.

அப்புறம் மக்கள்தொகை. அதை எழுதுவதற்காக வீடு வீடாக எண்ணும் சாக்கில் போர்டுக்கும் ஆள் தேடினேன். பனியில் வண்டி போகிற வீட்டுக்கு வண்டியில், போகாத வீட்டுக்கு நடந்து. ஒருவர்கூட "முடியாது" என்று சொல்லவில்லை, வென்டல். சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். "நல்ல யோசனை, வேற யாராவது பொருத்தமான ஆள் இருப்பாங்களே" என்றார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்கள். அவர்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டில் எனக்கு எலுமிச்சை கேக் கொடுத்தார்கள், ஒரு வீட்டில் ஊறுகாய், ஒரு வீட்டில் பூனைக்குட்டி. பூனைக்குட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் இன்னொரு பூனைக்குட்டி கொடுத்துவிட்டார்கள். ஹ்யூபர்ட் பாவம், "நான் ஒருத்தனே மூணு பேர் மாதிரி வேலை செய்யட்டுமா?" என்று கேட்டார். "நீங்க முதல்ல ஒருத்தர் மாதிரி செய்யுங்க" என்றாள் டார்லீன்.

தொகையும் சுலபமாக இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐம்பத்தெட்டு என்று இருக்கிறது. அதில் செத்தவர்களைக் கழிக்க வேண்டும், லெராயைக் கழிக்க வேண்டும், கல்லூரிக்குப் போன பெண்கள் திரும்பி வருவார்களா என்று அவர்கள் அம்மாக்களிடம் கேட்டால் அழுகிறார்கள். உன்னையும் பெவர்லியையும் இத்தனை நாள் "தற்காலிகமாக வெளியூர்" என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அரைக்கால் சட்டைப் படத்தைப் பார்த்த பிறகு அப்படி எண்ண என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் லிபர்ட்டி சேர்மன் கர்ட் பிரான்ட்னர் வந்தார், நம்மைப் "பார்த்துவிட்டுப் போக." கல்யாணம் நிச்சயமாகாத பெண்ணைப் பார்க்க வருகிற மாதிரி புதுத் தொப்பி, கையில் கடையில் வாங்கிய டோனட். கடையில் வாங்கியது, தம்பி! ஹாலைச் சுற்றி வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், தரையை மிதித்துப் பார்த்தார். ஹ்யூபர்ட்டும் நானும் லெராயும் நின்றுகொண்டிருந்தோம். லெராய் சும்மா ஹீட்டரைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்.

"நல்ல கெட்டியான கட்டடம்" என்றார் பிரான்ட்னர். "நாங்க ரோட்டுக்குப் போடுற உப்பு கொட்டி வெக்க இடமில்லாமத் தவிக்கிறோம். இது தோதா இருக்கும்."

"உப்பா?" என்றார் லெராய்.

"மணலும்தான். ஏன் லெராய், உங்களுக்கு என்ன வருத்தம்? நீங்கதான் இப்ப எங்க ஊரு ஆளாச்சே! வாங்க, எங்க கூட்டத்துக்கு வாங்க. பின் வரிசையில உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வெக்கிறேன்."

லெராய் பெட்டிக்குள் கையை விட்டார். டோனட்டை எடுத்தார், கடித்தார், முழுக்கத் தின்றார், நன்றி சொன்னார். அவர் கோபமாக இருக்கிறார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த ஹாலில்தான் அவருக்கும் எலெய்னுக்கும் கல்யாண விருந்து நடந்தது. நீயும் வந்து பீர் பீப்பாய்க்குப் பக்கத்தில் தூங்கிப்போனாய்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் போன் அடித்தது. வணக்கம், சுகமா எதுவும் இல்லை.

"ஆர்டிஸ், ஒருத்தன் தூங்கறப்போ அவன் எங்க இருக்கான்? தலை இருக்கிற எடத்திலயா, கால் இருக்கிற எடத்திலயா?"

"இது என்ன கேள்வி, லெராய்? உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

"கவுண்டியில கேட்டுச் சொல்லு."

பிரியானாவிடம் கேட்டேன். அவள் கவுண்டி வக்கீலைக் கேட்டாள். வக்கீல் கேள்வியை இரண்டு தடவை சொல்லச் சொல்லிவிட்டு, "தலைதான் என்று நினைக்கிறேன். ஆனால் நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம்" என்றாராம். நான் ஸ்வான் ஹில்லில் எல்லோரிடமும் சொன்னேன். லெராயிடம் முதலில் சொன்னேன். "சரி. ஹ்யூபர்ட்ட ரம்பத்தோட வரச் சொல்லு" என்றார். "கட்டில் ரூம விட்டுப் போகாது. சுவர்தான் வழி விடணும்."

நான், டார்லீன், ஹ்யூபர்ட், பிரியானா நால்வரும் போனோம். கட்டிலின் தலைமாடு ஒட்டி நின்ற அதே சுவரில், கட்டில் அகலத்துக்கு ஹ்யூபர்ட் கோடு போட்டார். அறுத்தார். ஹ்யூபர்ட் இப்படி வேலை செய்து நான் பார்ப்பது முப்பது வருடத்துக்குப் பிறகு இதுதான். சுவருக்குள்ளிருந்து செய்தித்தாள், எலிக்கூடு, லெராய் அப்பாவின் ஒற்றைக் கையுறை எல்லாம் வந்தன. நடுவில் ஒரு மின்கம்பியும் வந்தது. ஹ்யூபர்ட் அதைக் கம்பி என்று கண்டுபிடித்த விதத்தால் வீட்டு விளக்கெல்லாம் அணைந்து, அவர் தலைமுடி கொஞ்ச நேரம் இளமையாக நின்றது. "எப்பவாவது உங்களுக்கு முடி நிக்குமான்னு ஆசையா இருந்துச்சு" என்றாள் டார்லீன். பிறகு ஐந்து பேருமாகத் தள்ளினோம். ஓக் மரம் அல்லவா, முனகிக்கொண்டே நகர்ந்தது. தலைமாடும் இரண்டு தலையணையும் சமையலறைக்குள் வந்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்றன. மற்றதெல்லாம் அந்தப் பக்கம். எலெய்ன் செருப்பு கட்டிலோடு நகரவில்லை. அதை லெராய்தான் குனிந்து எடுத்து, பழையபடி அவள் பக்கத்தில் ஜோடியாக வைத்தார்.

"படுங்க சார், அளக்கணும்" என்றாள் பிரியானா.

பூட்ஸோடு படுத்தார். அவள் சுவரிலிருந்து காது வரைக்கும் டேப் பிடித்துப் பார்த்து, "முழுத் தலையும் ஸ்வான் ஹில்" என்றாள். டார்லீன் அடுப்பிலிருந்த காபியை ஊற்றி, நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் கொடுத்தாள். லெராய் படுத்தபடியே வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

"எலெய்ன் எப்பவும் சொல்லுவா" என்றார். "காலையில கண்ணு முழிச்சதும் காபி கைக்கு எட்டணும்யா, நீ என்னடான்னா அடுப்ப அடுத்த ஊர்ல வெச்சிருக்கன்னு."

சொல்லிவிட்டு முகத்தை பிரிட்ஜ் பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் நால்வரும் சுவரில் போட்ட ஓட்டையை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். அறுத்தது நேராக இருக்கிறது என்று டார்லீன் சொன்னாள். நேராக இல்லை.

மார்ச் கூட்டத்துக்கு இதுவரை வராதவர்கள் எல்லாம் வந்தார்கள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவனில் வைத்த பாத்திரங்கள் மட்டும் ஏழு. எல்லாம் ஒரே ருசி, எல்லாவற்றையும் வேறு வேறு மாதிரி பாராட்டினோம். பிரான்ட்னரும் வந்திருந்தார், உப்பு மூட்டைக்கு அளவெடுக்கிற கண்ணோடு. லெராய் ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு சேர்மன் நாற்காலியில் உட்கார்ந்ததும் பிரான்ட்னர் எழுந்து ஆட்சேபித்தார்.

"இவரு எப்படி உக்காரலாம்? இவரு எங்க ஊரு ஆளு!"

"தலை இங்க இருக்கு, பிரான்ட்னர். கவுண்டியே வந்து அளந்தாச்சு."

"தலை மட்டும் இருந்தாப் போதுமா? இடுப்பு, கால் எல்லாம் லிபர்ட்டியிலதானே கெடக்குது!"

"அப்போ காலுக்கு நீங்க வரி போட்டுக்கோங்க. ஆனா ராத்திரி அதுக்கு வலி வரும், நீங்கதான் வந்து தேய்ச்சு விடணும்."

ஹால் முழுக்கச் சிரித்தது. நம் ஆட்கள் சிரித்துப் பார்த்திருக்கிறாயா? தோள் மட்டும் குலுங்கும். அன்றைக்குச் சத்தம் வந்தது. பிரான்ட்னரும் கடைசியில் சிரித்துவிட்டு இரண்டு தட்டு சாப்பிட்டார். போகும்போது டோனட் பெட்டியைத் திருப்பிக் கேட்டார். ஊர் தப்பியது. அன்று மாலையே பக்கத்தை முடித்து அனுப்பினேன். மக்கள்தொகை: ஐம்பத்து மூன்று, தலைகள் மட்டும் கணக்கில் கொள்ளப்பட்டன.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். லெராய்க்கு எழுபத்தாறு வயது, அந்தத் தலையை எத்தனை நாள் நம்பியிருப்பது? ஹ்யூபர்ட்டுக்கு அன்று மின்சாரம் பாய்ந்ததிலிருந்து வலது கை தானாகவே தூக்கிக்கொள்கிறது, தீர்மானங்கள் எல்லாம் அதனால் நிறைவேறிவிடுகின்றன. மூன்றாவது நாற்காலி உன்னுடையது. டார்லீன் கோட்டை வேறு இடத்தில் மாட்டச் சொல்லிவிட்டேன். ஊர் என்பது அங்கே பிறந்தவர்கள் விட்டுப் போகாமல் இருப்பதால்தான் ஊர். ஹால்வராவது இல்லாத குன்றைச் சொல்லி ஆள் சேர்த்தார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை, அதனால் நேராகக் கேட்கிறேன். குளிரும். சேறு இருக்கும். பூனைக்குட்டி ஒன்று கண்டிப்பாகக் கொடுப்பேன். விதைப்புக்குள் வந்து சேர். நான் சாகிறவரை இந்த ஊரின் எல்லையைத் தாண்டமாட்டேன், என் தம்பியும் அப்படித்தான் என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீ அங்கே இல்லாததால் மறுக்கவில்லை என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

பெவர்லிக்கு என் அன்பு. உன் முழங்காலுக்கு ஏதாவது போர்த்திக்கொள். கடவுள் உங்கள் இருவரையும் நன்றாக வைத்திருக்கட்டும். முடிந்தால் இங்கே வைத்திருக்கட்டும்.

உன் அன்பு அக்கா,
ஆர்டிஸ்

பி.கு.: கடிதத்தை எழுதி முடித்து நாலு நாளாகிறது. தபால் பெட்டி வரை போகமுடியாத சேறு. அதற்குள் பிரியானா வந்துவிட்டுப் போனாள். பாவம், அழாத குறை. பனி உருகியதும்தான் தெரிந்ததாம், அவள் நவம்பரில் அளக்கத் தொடங்கிய கல் மூலைக்கல்லே இல்லையாம். யாரோ தொழுவக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்த கல்லாம். உண்மையான கல் இன்னும் நன்றாக மேற்கே தள்ளி ஓடைக்குள் கிடக்கிறதாம். ஆக லெராய் வீடு தலை, கால், செருப்பு உட்பட முழுவதும் எப்போதும் ஸ்வான் ஹில்லில்தான் இருந்திருக்கிறது. ஓட்டையை அடைக்க ஹ்யூபர்ட்டை அனுப்பட்டுமா என்று லெராயிடம் கேட்டேன். "வேணாம், இருக்கட்டும். காபிக்குக் கிட்டத்துல இருக்கு" என்றார்.

ஆனால் மேற்கு எல்லை மேற்கே நகர்ந்தால் கிழக்கு எல்லை சும்மா இருக்குமா? ஊரின் அகலம் ஆறு மைல்தானே, அதுவும் கூடவே மேற்கே வந்துவிட்டது. ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கிறது நம் வீடு. சமையலறை, படுக்கையறை, மாடி, கோழிக்கூடு, பூனைக்குட்டிகள் இரண்டு, எல்லாம் இப்போது கிழக்குப் பக்கத்து நார்வே குரோவ் டவுன்ஷிப்பில் இருக்கின்றன. லெராய் ரம்பத்தோடு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஓட்டை பத்தாது, ஆர்டிஸ்" என்று சொல்லிப் போய்விட்டார். இன்று காலை நார்வே குரோவ் சேர்மன் வந்திருந்தார். வீட்டில் செய்த ஆப்பிள் பை கொண்டுவந்தார். அவர்களுக்குக் கிளார்க் இல்லையாம். ஆள் ரொம்பக் குறைவாம். அங்கே உண்மையாகவே ஒரு குன்று இருக்கிறது, நான் பார்த்ததே இல்லை. மேலே நான் "நம் ஊர்" என்று எழுதிய இடங்களில் எல்லாம் "அவர்கள் ஊர்" என்று திருத்திப் படித்துக்கொள்.